எழுத்துக்கு ஓர் எண்

ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் அவற்றை அடுத்து ஓர் அரைப்புள்ளியையும் கணினியில் தட்டினால், பொருளற்ற ஓர் எழுத்துக் குவியல்தான் திரையில் தெரியும். அதே ஐந்து குறிகளையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவைப் 'பாமினி' என்று மாற்றினால், அங்கே 'தமிழ்' என்ற சொல் தோன்றும். இது மாயம் அன்று. இலங்கைத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பல ஆண்டுகள் பரவலாகப் புழங்கிய எழுத்துரு பாமினி. அதில் ஜே இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தின் வடிவமும், அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மெய்ப்புள்ளியின் வடிவமும் வரையப்பட்டிருந்தன.

கணினிக்கு எழுத்துகள் தெரியா. எண்கள் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று மனிதர்கள்தாம் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். தொடக்கக் காலக் கணினிகளில் ஆங்கிலத்திற்காக அமைந்த அட்டவணையில் 128 இடங்கள் இருந்தன. அதில் ஜே என்ற சிற்றெழுத்துக்கு 106, கே என்பதற்கு 107, அரைப்புள்ளிக்கு 59. பாமினியில் 'தமிழ்' என்று எழுதிச் சேமித்தவரின் கோப்பில் உண்மையில் இருந்தவை இந்த ஆங்கில எண்களே. தமிழ் என்பது அந்த எண்களுக்குப் போட்ட வேடம். வேடத்தைக் கலைத்தால் உள்ளே ஆங்கில எழுத்துகள்தாம் இருக்கும்.

இப்படிச் செய்தவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. 1980களிலும் 1990களிலும் விற்பனைக்கு வந்த கணினிகள் தமிழை அறியாதவை. கணினி நிறுவனங்கள் தமிழுக்கு இடம் ஒதுக்கும்வரை காத்திருந்தால், அந்தத் தலைமுறையே தமிழில் ஒரு கடிதமும் தட்டச்சு செய்திருக்க முடியாது. எனவே, ஆர்வமும் திறமையும் உள்ளவர்கள் கிடைத்த இடத்தில் தமிழைக் குடியேற்றினார்கள். சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வரிசையில் எழுத்துகளை அமைத்தனர். ஓர் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் இன்னோர் எழுத்துருவில் 'ம' இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அனுப்பிய தமிழ் மின்னஞ்சலைக் கோலாலம்பூரில் இருப்பவர் படிக்க வேண்டுமானால், அனுப்பியவரிடம் உள்ள அதே எழுத்துரு பெறுபவரின் கணினியிலும் இருக்க வேண்டும். பத்து இணையத்தளங்களைப் படிக்கப் பத்து எழுத்துருக்கள் தேவைப்பட்ட காலம் அது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுவரில் உள்ள மின்சாரப் பொருத்துவாய் ஒரே வகை. ஜோகூர் பாருவில் வாங்கிய மின்விசிறியின் முச்செருகியைச் சிங்கப்பூரில் அப்படியே செருகலாம். மின்விசிறியைச் செய்த நிறுவனம் எது என்று சுவர் கேட்பதில்லை. இவ்வாறு பலரும் ஏற்றுக்கொண்டு பின்பற்றும் பொது அளவீட்டைத் தரநிலை என்பர். 1990களின் தமிழ்க் கணிமைக்கு இல்லாமற்போனது இதுதான். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு செருகி வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் ஆயிரம் பக்கங்கள் தட்டச்சு செய்துவிட்ட அச்சகம், அதைவிடச் சிறந்த மென்பொருள் சந்தைக்கு வந்தாலும் எளிதில் மாற முடியாது. பழைய கோப்புகள் அனைத்தும் பழைய எண்களில் சிக்கிக் கிடக்கும். மொழி தமிழருடையது, ஆனால், அதை எழுதிய கோப்பைத் திறக்கும் சாவி விற்பனையாளரிடம் இருந்தது.

இந்நிலையை மாற்றும் முயற்சியில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அமைந்த கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. அதில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் தின் வீயும் அவருடைய குழுவினரும் இப்பணியில் அவருடன் உழைத்தனர். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் முதலாவது தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. பல நாடுகளில் தனித்தனியே எழுத்துருக்களை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள் அங்கே நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள்.

பேசியவுடன் உடன்பாடு வந்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு பொது அமைப்புக் கிடைத்தது. 'தமிழ்99' என்ற பெயரில் அது இன்றும் வழக்கில் உள்ளது. எழுத்துகளின் எண்களுக்கோ ஒன்றன்று, இரண்டு தரநிலைகள் வந்தன. தமிழ் மட்டும் எழுத 'டாம்'. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத 'டாப்'. இவற்றுக்கு வெளியே, பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியாக விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' என்ற மூன்றாவது அட்டவணையும் இருந்தது. பொது வழி தேடிய முயற்சியே மூன்று வழிகளில் முடிந்தது சற்று வேடிக்கைதான். என்றாலும், நூறு வழிகளைவிட மூன்று மேல்.

திஸ்கியின் பயனை 'மதுரைத் திட்டம்' காட்டியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய இத்திட்டத்தில், பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கினர். அட்டவணை எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்ததால், பின்னாளில் அந்நூல்களைப் புதிய முறைக்கு மாற்ற முடிந்தது. அட்டவணையை மறைத்து வைத்த ஒரு மென்பொருளில் அவை எழுதப்பட்டிருந்தால், அந்த உழைப்பின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் புதிய முறைதான் ஒருங்குறி. யூனிகோட் என்றும் இதை அழைப்பர். உலகில் உள்ள ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுப்பது இதன் நோக்கம். 'க' என்றால் 2965. அந்த எண் சீன எழுத்துக்கோ அரபு எழுத்துக்கோ உரியதன்று. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் அது 'க' தான். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆக, சிங்கப்பூரிலும் சென்னையிலும் மாநாடுகள் நடப்பதற்கு முன்பே தமிழுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால், அன்றைய கணினிகளில் அதைப் பயன்படுத்த வழியில்லை. மேலும், அந்த இடத்தை ஒதுக்கிய விதம் தமிழ் அறிஞர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

அவர்களின் குறை என்ன? இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்து இந்திய அரசு 1988இல் ஓர் அட்டவணை வகுத்திருந்தது. ஒருங்குறி அதையே பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. உயிரெழுத்துகளுக்கு எண் உண்டு. 'க', 'ங' முதலிய அகரமேறிய மெய்களுக்கும் எண் உண்டு. 'கி', 'கு' போன்ற உயிர்மெய்களுக்குத் தனி எண் இல்லை. 'கி' என்பது 'க' என்ற எண்ணும் இகரக் குறியின் எண்ணும் சேர்ந்தது. இன்னும் வியப்பு, 'க்' என்பது 'க' என்ற எண்ணோடு புள்ளியின் எண் சேர்ந்தது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று தொடக்கப்பள்ளியில் படித்தவருக்கு இது தலைகீழாகத் தெரிவதில் வியப்பில்லை. வரிசையும் சரியில்லை. 'ந' வை அடுத்து 'ன' வருகிறது. 'ர' வை அடுத்து 'ற' வருகிறது. எண் வரிசையை மட்டும் நம்பி ஓர் அகராதியை அடுக்கினால் சொற்கள் இடம் மாறிவிடும். பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ழகரத்துக்கு ஒருங்குறி இட்ட அலுவல்முறைப் பெயர் 'எல்எல்எல்ஏ'. ஆய்த எழுத்துக்கு இட்ட பெயரோ 'விசர்க்கம்'. அது வடமொழி இலக்கணத்துக்கு உரியது.

இடச்சிக்கனமும் ஒரு கேள்வியாக எழுந்தது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஒருங்குறியில் ஐந்து எண்கள் தேவை. இணையத்தில் வழக்கமாகக் கையாளும் முறைப்படி அவை 15 பைட்டுகளைப் பிடிக்கும். பழைய எழுத்துருவில் ஐந்தே பைட்டுகள் போதும். ஒரு நிழற்படமே பல லட்சம் பைட்டுகளைப் பிடிக்கும் இன்றைய நிலையில் இது பொருட்டன்று. ஆனால், குறுஞ்செய்தியில் இன்றும் உணரலாம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் போன்ற மொழியில் எழுதினால் எல்லை 70ஆகக் குறைந்துவிடும். அதிலும் கொம்பு, கால், புள்ளி ஆகியவை தனித்தனியே எண்ணப்படும்.

"கொரிய மொழிக்கு மட்டும் 11,172 இடங்கள்; தமிழுக்கு 128 தானா?" என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்பட்டது. 247 எழுத்துகளுக்கும் கிரந்த எழுத்து வரிசைகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் மாற்று அட்டவணையைச் சிலர் முன்மொழிந்தனர். அது இலக்கணத்துக்கு நெருக்கமானது. தேடவும் அடுக்கவும் எளிதானது. அறிவார்ந்த வாதம் அது. வெறும் உணர்ச்சியில் பிறந்ததன்று. ஆனாலும், கொரிய மொழியின் கதையை முழுவதும் கேட்க வேண்டும். 1996ஆம் ஆண்டு ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பில், ஏற்கெனவே இடம்பெற்றிருந்த கொரிய அசையெழுத்துகள் பழைய இடத்திலிருந்து நீக்கப்பட்டுப் புதிய இடத்தில் முழுமையாக அமைக்கப்பட்டன. அதனால் பழைய எண்களில் எழுதப்பட்ட கொரியக் கோப்புகள் பொருளிழந்தன. அந்தக் குழப்பத்தைக் கண்ட பிறகு, ஒருமுறை கொடுத்த எண்ணை இனி ஒருபோதும் நீக்குவதில்லை, இடம் மாற்றுவதில்லை என்று ஒருங்குறி அமைப்பு உறுதி பூண்டது. எழுத்தின் பெயரைக்கூட மாற்றுவதில்லை. எனவேதான் ழகரம் இன்னும் அந்த விசித்திரப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இந்த விதி பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால், பழைய கோப்புகளைக் காப்பது இந்தப் பிடிவாதந்தான். 2002இல் ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழ்க் கட்டுரையை இன்று எந்தக் கைத்தொலைபேசியிலும் படிக்க முடிகிறது. வரிசை தவறாக உள்ளதே என்றால், அகர வரிசையில் அடுக்கும் விதியை மென்பொருளில் தனியே எழுதிக்கொள்ளலாம். அவ்வாறே செய்யப்பட்டும் உள்ளது. எண்களையே மாற்றினால் நேர்வதை அப்படிச் சரிசெய்ய இயலாது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், 'டேஸ்16' எனப்படும் மாற்று அட்டவணையையும் தரநிலைகளாக அறிவித்தது. பொதுமக்களின் கருவிகளில் நிலைபெற்றது ஒருங்குறியே.

எண் கிடைத்துவிட்டால் மட்டும் எழுத்துத் திரையில் வந்துவிடாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பில் முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி என இரண்டு எண்கள் இருக்கும். திரையிலோ கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் கடைசியிலும் வர வேண்டும். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து எழுத்தின் இரு புறமும் நிறுத்தும் வேலையை ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். தமிழைக் காட்டும் தொடக்கக் காலக் கைத்தொலைபேசிகள் பலவற்றில் இது சரியாக நடக்கவில்லை. 'கொ' சிதறிக் கிடக்கும். அல்லது எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரியும். அக்கட்டங்களுக்குக் கணினி வல்லுநர்கள் 'தோஃபு' என்று செல்லப்பெயர் இட்டனர். நம் ஊர்ச் சோற்றுக்கடைகளில் கிடைக்கும் அதே தோஃபுதான். கூகள் நிறுவனம் வெளியிட்ட 'நோட்டோ' எழுத்துருக்களின் பெயர், 'இனித் தோஃபு இல்லை' என்ற பொருளில் பிறந்தது.

எழுத்தைக் கோக்கும் வேலையை இன்று உலகெங்கும் பெருமளவில் செய்வது 'ஹார்ஃப்பஸ்' என்னும் திறமூல மென்பொருள். ஒரு மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமத்துடன் வெளியிடப்படுவது திறமூல மென்பொருள். பயர்பாக்ஸ், குரோம் உலாவிகளும் ஆண்டிராய்டு கைத்தொலைபேசிகளும் ஹார்ஃப்பஸ் மென்பொருளையே பயன்படுத்துகின்றன. அதில் தமிழ் எழுத்து ஒன்று தவறாக வந்தால், தமிழ் தெரிந்த ஒரு நிரலாளர் பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தத்தையும் எழுதித் தரலாம். அது ஏற்கப்பட்டால், அதைப் பயன்படுத்தும் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும். தமிழில் திருத்துவது இலாபம் தருமா என்று ஒரு நிறுவனம் கணக்குப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதை வைத்து, விலைக்கு விற்கும் மென்பொருள் எல்லாம் தமிழுக்குத் தீங்கு என்று முடிவு கட்டிவிடலாகாது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' வணிக மென்பொருள்தான். அதன் வழியாகத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியீடு கண்டபோது, கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்பும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு பொருள் இலவசமா, விலையுள்ளதா என்பது ஒரு கேள்வி. அதில் எழுதியதை அதை விட்டு வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. பயனீட்டாளர் கூர்ந்து கேட்க வேண்டியது இரண்டாவதை. இலவசச் செயலியும் பயனரைப் பூட்டி வைக்கலாம். விலைகொடுத்து வாங்கிய மென்பொருளும் தரநிலையைப் பின்பற்றலாம்.

தரநிலையை எல்லாரும் ஒன்றாகப் பின்பற்றாவிட்டால் என்ன நேரும் என்பதை நம் அண்டை நாடான மியன்மார் அனுபவித்தது. பர்மிய மொழிக்கு ஒருங்குறியில் இடம் இருந்தும், 'சாவ்ஜி' என்ற எழுத்துரு அங்கே முந்திக்கொண்டது. அது ஒருங்குறியின் எண்களையே எடுத்துத் தன் விருப்பப்படி வேறு வடிவங்களுக்குக் கொடுத்தது. கைத்தொலைபேசிக் கடைகளிலேயே அதை நிறுவித் தந்தார்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் என்றானதால், ஒருவர் அனுப்பிய செய்தி இன்னொருவரின் திரையில் குழம்பித் தெரிந்தது. நாடே கைத்தொலைபேசிக்கு மாறிய பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடாயிற்று. 2019ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளை ஒருங்குறிக்கு மாறும் நாளாக அந்நாடு அறிவித்தது.

தமிழிலும் பழைய எழுத்துருக்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருள்களின் பழைய பதிப்புகள் ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. அதனால் அச்சகங்கள் பல, பழகிய எழுத்துருக்களையே தொடர்ந்து பயன்படுத்தின. அவ்வாறு அச்சான மலர் ஒன்றின் மின்பதிப்பைத் திறந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலே வரும். அதில் ஒரு பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

கண்ணால் படிப்பவருக்கு இது சிறு தொல்லை. பார்வையற்றவருக்கு அப்படியன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன், திரைவாசிப்பு மென்பொருள்களின் விலை பலருக்கு எட்டாததாக இருந்ததைக் கண்டு, 2006ஆம் ஆண்டு 'என்விடிஏ' என்ற திறமூலத் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். திரையில் உள்ளதை அது குரலாக்கிச் சொல்லும். தமிழ்க் குரலும் அதற்கு உண்டு. ஒருங்குறியில் எழுதிய பக்கத்தை அது தமிழாகவே வாசிக்கும். பழைய எழுத்துருவில் எழுதிய பக்கத்தில் அது காண்பது ஆங்கில எண்களை மட்டுமே. பார்வையுள்ளவர் 'தமிழ்' என்று படிக்கும் இடத்தில், அது ஜே, கே, பி, ஓ என்று ஒலிக்கும்.

பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் ஒரு நூலையே சில நொடிகளில் மாற்றிவிடலாம். பள்ளி ஆண்டுமலரோ சங்கத்தின் விழாமலரோ அச்சுக்குப் போகும்போது, அச்சிட்ட பிரதிகளோடு ஒருங்குறிக் கோப்பு ஒன்றையும் கேட்டு வாங்கி வைப்பதற்குத் தனிச் செலவு பெரிதாக இல்லை. அச்சகத்திடம் அதை முன்கூட்டியே, வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.